கூட்டிவந்தவர்

1961ஆம் ஆண்டு ஐப்பசியில், சிங்காநல்லூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட பெண்களால் ஆலையை விட்டு வெளியே போக முடியவில்லை. கேட்டுக்கு வெளியே எடுத்துவைத்த கால் கேட்டுக்கு உள்ளேயே ஊன்றியது. முந்தின நாள் வரை போய்வந்த அதே கேட்டுத்தான். வாட்ச்மேன் அக்பர் அலி இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டார். பின்சுவரில் ஏணி போட்டும் பார்த்தார். அந்தப் பக்கம் குதித்தவர்கள் இந்தப் பக்கம் வந்து விழுந்தார்கள்.

அவர்களையெல்லாம் வேலைக்குச் சேர்த்தவர் அன்னூர்க்காரரான சுந்தரராஜுலு. ஆரம்பத்தில் ஆள் சேர்ப்பதற்கென்றே ஆலை அவரை வைத்திருந்தது. பொள்ளாச்சி, ஆனைமலை என்று ஊர் ஊராகப் போய், வீட்டு வாசலில் நின்று, "வாங்க, நான் பாத்துக்கறனுங்க" என்பார். வந்துவிடுவார்கள். சில வருடங்களில் அவரை லேபர் ஆபீசராக்கித் தனி அறையும் மின்விசிறியும் கொடுத்தார்கள். லீவு, லைன் வீடு, கேண்டீன் சண்டை, பிரசவம், கை நசுங்கியவருக்கு ஆஸ்பத்திரி, எல்லாம் அவர் பொறுப்பு. பாத்துக்கறேன் என்று சொன்னதை ஒருவழியாகச் செய்ய முடிகிறதே என்று அவருக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு புது மெஷின்கள் வந்தன. நூல் சுற்றும் பெண்களை நிறுத்தும் உத்தரவிலும் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போட்டார்.

பெண்கள் மாட்டிக்கொண்ட அன்று கேட்டுக்கு ஓடிவந்த சுந்தரராஜுலு, முன்னால் நின்ற சின்னாத்தாளைத் தன் கூடவே நடக்கச் சொன்னார். அவள் வெளியே வந்துவிட்டாள். பாதி வழியில் விட்டுவிட்டு அவர் திரும்பியதும் அவள் மறுபடி உள்ளே நின்றாள். கூட்டிவந்தவரே வீடு வரை கொண்டுபோய் விட வேண்டும் என்பது அப்படித்தான் தெரிந்தது. மாதக்கணக்கில் அவருக்கு அதுவே வேலையாகிவிட்டது. ஒவ்வொருத்தியையும் பஸ்ஸில் கூட்டிப்போய், முன்பு நின்ற அதே வாசலில் நின்று, வேலை போய்விட்டதென்று சொல்லிவிட்டு வந்தார். சில வீடுகளில் ஏசினார்கள். ஒரு வீட்டில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

கடைசியாக மிஞ்சியவள் ஆனைமலைப் பூவாத்தாள். புருஷன் இல்லை, மகள் ஊரில் பூவாத்தாளின் தங்கையிடம் வளர்ந்தாள். உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு கூட்டிப் பெருக்கும் வேலையும் தினக்கூலியும் ஆலை கொடுத்துவந்தது. அவள் கிளம்ப மறுத்துவிட்டாள்.

"ஏனுங்க, ஊட்டுக்குப் போனாக் கஞ்சிக்கு வழியில்லீங்க. இங்கயே கெடந்தா எம் புள்ள மூஞ்சியப் பாக்க முடியாதுங்க. வாங்கன்னு சொன்னவரு நீங்க. எதப் பண்ணட்டும்னு நீங்களே சொல்லிப்போடுங்க."

அவர் நேராக முதலாளி லட்சுமணசாமியிடம் போய், இவளை மட்டுமாவது வைத்துக்கொள்ளலாம் என்றார்.

"ஆளச் சேக்கறப்ப இருந்த தெகிரியம் அனுப்பறப்ப எங்கப்பா போச்சு?" என்றார் முதலாளி.

"சேக்கறப்பத் தெகிரியமே தேவப்படலீங்க."

அன்று மத்தியானம், யாரையும் கேட்காமல், பூவாத்தாளைத் திரும்ப வேலையில் சேர்த்து உத்தரவு போட்டார். தொழிற்சங்கத்துக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டதால் ஆலையால் ரத்து செய்ய முடியவில்லை. அந்தச் சனிக்கிழமை ஷிப்டு முடிந்ததும் பூவாத்தாள் கேட்டைத் தாண்டி, திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ்ஸுக்கு ஓடினாள். திங்கட்கிழமை சுந்தரராஜுலுவை முதலாளி வேலையிலிருந்து நீக்கினார். அவர் குடையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினார், உள்ளே நின்றார். அவரை அந்த ஆலைக்குக் கூட்டிவந்த மேஸ்திரி கண்ணையா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன.

பஞ்சுக் கிடங்குக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு கட்டில் போட்டுக்கொடுத்தார்கள். மெட்ராஸில் படித்த ஒருவர் புது ஆபீசராக வந்தார். லீவு கேட்பவர்கள் முதலில் கிடங்குப் பக்கம் போய்விட்டுத்தான் புதியவர் அறைக்குப் போனார்கள். அன்னூரில் அம்மா இறந்தபோது சுந்தரராஜுலு கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டிலேயே நின்றிருந்தார். அவர் மனைவி ராமாமணி ஆலைக்கு எதிர்ச் சாரியில் வாடகைக்கு வீடு பிடித்தாள். தினமும் தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்து, அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போனாள். அவளை யாரும் வேலைக்குக் கூட்டிவந்ததில்லை. அதனால் கேட்டு அவளை ஒன்றும் செய்யவில்லை.