இருபதாவது கையெழுத்து

பத்தொன்பது நாட்டுக்காரர்களுக்கும் எத்தனை கரண்டி சீனி என்று ஒரே நாளில் மனப்பாடமாகிவிட்டது, ஏழு வருஷமாக என் வேலை நிரந்தரமா இல்லையா என்பதுதான் தெரியவில்லை. இப்படி நினைத்தபடியே உலகம்மாள் டீத் தட்டோடு மாநாட்டு அறைக்குள் நுழைந்தாள்.

நாடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகிற முறையைத் திருத்தி அமைக்கத்தான் குற்றாலத்து விடுதிக்கு அத்தனை பேரும் வந்திருந்தார்கள். முந்தின நாள் ஐந்தருவிக்குக் கூட்டிப்போனபோது, கிளைக்கு ஒன்றாக ஐந்து பெரிய நாடுகளும் போய் நின்றுகொண்டன. மிச்சம் பதினாலும் கீழே ஓடிய தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு, அதற்கும் நன்றி தெரிவித்துத் தீர்மானம் போட்டன.

"அந்த அஞ்சு பேருக்கும் வீட்டோ இருக்காம்லா, அப்படின்னா என்னட்டி?" என்று சமையல்கார சொக்கம்மாள் காலையில் கேட்டிருந்தாள்.

"எல்லாரும் சரின்னாலும், அவுகள்ல ஒருத்தர் மாட்டேன்னா காரியம் நின்னுரும்."

"எங்க மாமியாளுக்கு அது இருக்கு."

அறைக்குள் போகிற எல்லாருக்கும் கழுத்தில் பெயர் அட்டை வேண்டும் என்று போலீஸ் சொல்லியிருந்தது. தென்காசியில் அச்சடித்த அட்டையில் இங்கிலீஷில் ஆறு எழுத்துக்குத்தான் இடம். 'உலகம்' விழுந்தது, 'மாள்' விழவில்லை.

டீ வைக்கக் குனிந்தவளின் அட்டையை மாநாட்டுத் தலைவர் படித்துவிட்டு, இது எந்த நாடு என்று கேட்டார். மொழிபெயர்க்க வந்திருந்த சென்னைப் பெண் அபர்ணா, அட்டையில் இருந்ததை அப்படியே மொழிபெயர்த்தாள்.

உலகம் வந்திருக்கிறது. அழைத்ததாக யாருக்கும் நினைவில்லை.

"ஐயோ, அது என் பேருங்க," என்றாள் உலகம்மாள். அதையும் அபர்ணா மொழிபெயர்த்தாள். பெயரை உலகமே உறுதிசெய்ததாகக் குறித்துக்கொண்டார்கள்.

ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. உலகம் உறுப்பு நாடு அல்ல, ஆகவே ஓட்டு கிடையாது. கதவோரம் உட்கார்ந்து கேட்கலாம் என்று முடிவாயிற்று. விடுதி மேலாளர் ஞானசம்பந்தம் ஓடிவந்து, "இரு உலகம்மா, சத்தம் போடாம இரு, பெறவு பாத்துக்கிடுவோம்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்த பிறகுதான் கால் வலிப்பதே தெரிந்தது. பேசியவர்கள் எல்லாரும் நடுநடுவே அவள் பக்கம் கையை நீட்டி, "உலகத்தின் நலனுக்காக" என்றார்கள். ஒருத்தரும் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கல்யாணப் பேச்சு இப்படித்தான் நடந்தது. எல்லாம் அவள் நல்லதுக்குத்தான், அவளைத் தவிர எல்லாரையும் கேட்டு. முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு கூச்சம் வடிந்து, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

சாயங்காலம் தீர்மானம் தயாரானது. அபர்ணா தமிழில் வாசித்தாள்: "சீர்திருத்தம் மிக அவசியம் என்பதில் நாடுகள் ஒருமனதாக இருக்கின்றன. எப்போது என்பது அடுத்த கூட்டத்தில் பேசப்படும். அதுவரை உலகம் பொறுத்துக்கொள்ளும்."

பத்தொன்பது கையெழுத்தும் விழுந்த பிறகு ஒரு பெரிய நாட்டுக்கு உறுத்தியது. உலகமே எதிரில் இருக்கும்போது அதன் சம்மதத்தை வாங்காமல் போவது நாகரிகமா? இருபதாவதாக ஒரு கோடு போட்டுத் தாளை நீட்டினார்கள்.

"ஒரு கையெழுத்துதான உலகம்மா," என்றார் ஞானசம்பந்தம், பேனாவைத் திறந்து கையில் கொடுத்து. "இவுக சந்தோஷமா வண்டியேறட்டும். உன் நிரந்தர ஆர்டர்ல நாளைக்கே நான் கையெழுத்துப் போட்டுருதேன்."

"நாளைக்கேவா அண்ணாச்சி?"

"நாளைக்கு, இல்ல, அடுத்த வாரம். இத்தன நாள் பொறுத்துட்ட, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோயேன்."

அவள் கடைசி வரியை மறுபடி வாசிக்கச் சொன்னாள். அபர்ணா வாசித்தாள்.

"இத நான் சொல்லலியே," என்றாள் உலகம்மாள்.

"எல்லாரும் போட்டாச்சும்மா!"

"போட்டிருக்கட்டும் அண்ணாச்சி." பேனாவை மூடி, தாளின் மேல் வைத்தாள். "நான் போடல."