முனியம்மாள் சொன்ன பேர்

பழவேற்காட்டுக் கோட்டையை ஒல்லாந்தர் என்னும் டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், நெருப்பணைக்கவென்று பக்கத்துக் குப்பத்திலிருந்து பன்னிரண்டு பேரை வேலைக்கு வைத்திருந்தார்கள். கோட்டைக்குள் வெடிமருந்துக் கிடங்கு இருந்ததால் ஒல்லாந்தருக்கு நெருப்பு என்றாலே குலைநடுக்கம். எங்காவது தீப்பிடித்தால் படகின் பாய்த்துணியை ஏரித் தண்ணீரில் நனைத்துக் கிடங்குக் கூரைமேல் விரிக்க வேண்டும். அதற்குப் படகுக்காரர்களை விட்டால் வேறு ஆள் ஏது?

பன்னிரண்டு பேரில் நாகப்பன் ஒருவன். மாசி மாதம் ஒருநாள் அவனுக்குக் குளிர்சுரம். வேலைக்குப் போகாவிட்டாலும் கசையடி, ஆள் மாற்றி அனுப்பினாலும் கசையடி. இந்தச் சட்டத்தை எந்தப் புண்ணியவான் எழுதினானோ! கடைசியில் தம்பி அங்கமுத்து அண்ணனுடைய முண்டாசைக் கட்டிக்கொண்டு போனான்.

அன்று மத்தியானமே கிடங்குக்குப் பக்கத்துக் கொட்டகை பற்றிக்கொண்டது. அங்கமுத்து கிடங்கின் மேலேறி ஈரப்பாயை ஓரம்வரை இழுத்து விரித்தான். கிடங்கு தப்பியது, ஊரும் தப்பியது. அவன் மட்டும் கால் வழுக்கி எரிகிற கொட்டகைக்குள் விழுந்தான். நாகப்பன் செத்தான் என்று கோட்டையில் எழுதிக்கொண்டார்கள். நாகப்பனும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

ஒரு மாதம் கழித்து கோட்டைத் துரைகளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி சுப்பராயலு குப்பத்துக்கு வந்தார். செத்தவன் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு அங்கமுத்துவின் மனைவி முனியம்மாள் முன்னால் வந்து நின்றார். கோட்டை வாசலில் கல் நடப்போவதாகவும், அதில் நாகப்பன் என்று வெட்டப்போவதாகவும் காகிதத்தைப் பார்த்துச் சொன்னார்.

முனியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. உயிரைக் கொடுத்தவன் ஒருவன், கல்லில் இன்னொருவனா? "அது எங்க ஊட்டுக்காரரு பேரு இல்லீங்க" என்றாள்.

"அப்போ அவரு பேரு இன்னாம்மா?"

அதைத்தான் அவளால் சொல்ல முடியவில்லை. புருஷன் பேரைப் பெண்சாதி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். பதினோரு வருஷத்தில் அவள் ஒருதரம்கூடச் சொன்னதில்லை. யாராவது கேட்டால் கொழுந்தனாரோ மச்சாண்டாரோ எடுத்துச் சொல்வார்கள். புருஷனுக்கு அண்ணனான மச்சாண்டார் நாகப்பனை அவள் பார்த்தாள். காயப்போட்டிருந்த வலைக்குப் பின்னால் நின்றிருந்தவன் தலையைக் குனிந்துகொண்டான். சொன்னால் அவன் முதுகுத்தோல் உரிந்துவிடும் என்று அவளுக்கும் தெரியும்.

முனியம்மாள் தன் உடம்பைத் தொட்டுக் காட்டினாள். பிறகு கீழே கிடந்த சிப்பியைக் காட்டினாள்.

"சிப்பியா? சங்கா? சங்கரனா?" என்று தடுமாறிய சுப்பராயலு, கோட்டையில் எழுதினது எழுதினபடியே இருக்கட்டும் என்று காகிதத்தை மடித்தார்.

மடிப்பதைப் பார்த்ததும் அவளுக்கு ஒன்று உறைத்தது. குறைவதற்குச் செத்துப்போனவனுக்கு இனி ஆயுசு எங்கே இருக்கிறது?

"அங்கமு..." என்றாள். பாதிதான் வெளியே வந்தது.

நாகப்பன் வலையை விலக்கிக்கொண்டு வந்தான். "செத்தது என் தம்பிங்க. நான்தான் நாகப்பன். எனக்குப் பதிலா போனான்" என்றான். 

சுப்பராயலு மடித்த காகிதத்தைப் பிரித்தார். பிறகு மை தொட்டு, காகிதத்தில் இருந்த பேரை அடித்தார். "அம்மா சொன்னது சரியா காதுல வுழல. செத்தவரு பேரு இன்னா?" என்றார்.

நாகப்பன் வாயைத் திறந்தான். முனியம்மாள் அவனைக் கையமர்த்திவிட்டு, தானே சொன்னாள். இந்தத் தடவை முழுப் பேரும் வந்தது.