மூடிய கை

படக்கதையில் கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே இருப்பது வெறும் வெள்ளைக் காகிதம். அதற்கு விளக்கம் சொல்பவன் காற்றுக்குச் சட்டை தைப்பவன். ராஜபாளையத்துக் கல்லூரி கேன்டீனில் வைகுண்டராஜ் வெளியிட்ட இந்தத் தீர்ப்பை யாரும் மறுத்ததில்லை. கேட்டவர்கள் அவன் வாங்கிக்கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் அப்பா காசிராஜன் ரங்கூனில் வளர்ந்தவர். பட்டாளம் நாட்டைப் பிடித்து, அதற்குப் புரட்சி என்று பேர் வைத்தபோது சிறுவன். அந்தக் கதையை மில் வேலை போக மிச்ச நேரத்தில் பழைய காலண்டர்களின் பின்பக்கம் கட்டம் கட்டமாக வரைந்தார். "என்ன புரியுது, சொல்லுலே" என்று நீட்டுவார்.

"மாடு எது, மனுசன் எதுன்னு எழுதிப்போடுங்கப்பா" என்பான் மகன்.

இன்று காலை அப்பா இறந்துபோனார். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு வாசலில் பாடை தயார். சித்தப்பா சுப்புராஜ் மட்டும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தெருவிலேயே நின்றார். கையில், அப்பாவின் படக்கதையிலிருந்து போன வருடம் கோபத்தில் எடுத்துப்போன ஒரு தாள். அன்றிலிருந்து அண்ணனோடு பேச்சில்லை.

முதல் கட்டத்தில் துறைமுகம், துப்பாக்கிகள், கைகோத்த இரண்டு சிறுவர்கள். அடுத்ததில் கப்பல். அதில் பெரியவன் மட்டும்.

"தம்பி கையை விட்டுட்டேன்னு அவனே வரைஞ்சு வச்சிருக்கான். ரெண்டு வருசம் அங்க அனாதையாக் கெடந்தேன். நான் தோள் குடுக்கமாட்டேன்."

"பொணத்துக்கிட்டயா தம்பி வழக்குப் பேசுவீய?" என்றாள் அம்மா சீனியம்மாள்.

"உசுரோட இருக்கையில ஏன் மதினி அவன் வாயத் தெறக்கல?"

"வெயில் ஏறுதுப்பா" என்றது கூட்டத்தில் ஒரு குரல். அம்மா மகனைப் பார்த்தாள். "ஏலே, நீதானே படிச்சவன். என்னன்னு சொல்லேன்."

வைகுண்டராஜ் தாளை வாங்கினான். கப்பலில் நின்ற பையனின் வலது கை தலையைவிடப் பெரிதாக இருந்தது. இதற்கு அவனிடம் நல்ல கிண்டல் ஒன்று இருந்திருக்கும். வரவில்லை.

"விட்டவன் கை விரிஞ்சிருக்கும் சித்தப்பா. இது இன்னும் மூடியே இருக்கு."

சுப்புராஜ் குனிந்தார்.

வைகுண்டராஜின் விரல் இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் நின்றது. "இங்கனதான் பட்டாளத்தான் குறுக்க வந்தான். அப்பா உங்க சட்டையப் பிடிச்சாரு. கிழிஞ்சுபோச்சு."

"அன்னைக்கு நான் சட்டையே போடலலே."

வைகுண்டராஜின் விரல் அந்த மூடிய கைக்கு நகர்ந்தது.

"அப்ப கையத்தான் பிடிச்சிருக்காரு" என்றான்.

சுப்புராஜ் அந்தப் பெரிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு செருப்பைக் கழற்றினார். இன்னொன்றையும்.

"பொறவு என்னாச்சுலே?"

தாளில் அதற்குமேல் கட்டம் இல்லை. வைகுண்டராஜ் ஓரத்து வெள்ளையில் விரலை வைத்து, மெதுவாகச் சொல்லத் தொடங்கினான்.