நட்சத்திரம் போட்ட குடி

மூக்குக்கண்ணாடிக் கடையில் சின்னவளின் வேலை, வந்தவர்களை உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?" என்று கேட்பது. ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது கேட்பாள். பதில் சொல்ல வேண்டியது எதிராளி என்பதால் அந்த வேலை அவளுக்குப் பொருந்திப்போயிற்று. அவளிடம் யாராவது அப்படிக் கேட்டால் தொலைந்தாள். டீயா காப்பியா என்ற கேள்விக்கு அவள் பதில் சொல்வதற்குள் இரண்டுமே ஆறிப்போய்விடும்.

அப்படிப்பட்டவள் போய்ச் சேர்ந்த இடம் மொழி வரலாறு சொல்லித்தரும் மாலை வகுப்பு. செவ்வாயும் வியாழனும், மூன்றாவது மாடியில், காற்றாடி ஓடினால் காகிதம் பறக்கும், ஓடாவிட்டால் ஆட்கள் மயங்குவார்கள் என்ற நிலையில் ஓர் அறை. ஒன்பது மாணவர்கள். ஆசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் நட்சத்திரம் சார்.

அந்தப் பெயருக்குக் காரணம் இருந்தது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலுமாகப் பல மொழிகள் ஒரே தாய்மொழியின் பிள்ளைகள். ஆனால் அந்தத் தாய் பேசியதை யாரும் எழுதிவைக்கவில்லை. பிள்ளைகளின் சொற்களை வரிசையாக நிறுத்தி, இன்னாருக்கு இந்த மூக்கு, இன்னாருக்கு இந்தக் காது என்று பார்த்து, தாயின் சொல் இப்படித்தான் இருந்திருக்கும் என்று கணக்குப் போட வேண்டும். அப்படிக் கண்டுபிடித்த சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். யாரும் பார்த்ததில்லை, ஆனால் இருந்தே ஆகவேண்டும் என்று அதற்கு அர்த்தம்.

சின்னவளுக்கு அந்தக் குறி உயிராகிவிட்டது. தினமும் எழுதும் நாட்குறிப்பிலும் அதைப் போட ஆரம்பித்தாள். "*அக்காவுக்கு என் மேல் கோபம்." "*முதலாளி பல்லைக் காட்டியது சிரிப்புதான்." நேரில் சாட்சி இல்லாத எதற்கும் ஒரு நட்சத்திரம். சில நாள் பக்கத்தைப் பார்த்தால் வானம் மாதிரி இருக்கும்.

வேரைத் தேடிக் கட்டுரை எழுத, ஆளுக்கொரு வினைச்சொல் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் முதல் பெஞ்சில் உட்காருவார். அவருக்குக் 'கொண்டு போ' வந்தது. முப்பத்தைந்து வருடம் அதைத்தானே செய்தேன் என்று பூரித்துப்போனார். சின்னவள் பிரித்த சீட்டில் இருந்தது 'குடி'.

மொழிக்கு ஓர் அட்டை, அட்டை கலையாமல் இருக்கக் கடையில் மிஞ்சிய கண்ணாடிக்கூடு ஒன்று என்று ஒழுங்காகத்தான் தொடங்கினாள். அனதோலியா என்ற பழைய நிலத்தில் மூவாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்னால் களிமண் பலகையில் எழுதிய ஹிட்டைட்டுகளிடம் அந்த வேர் 'எகு' என்று முழுசாகக் கிடைத்தது. பக்கத்தில் இருந்த பாலாயர்களிடம் 'அஹு' என்று தும்மல் மாதிரி இருந்தது. லூவியர்கள் தேய்த்துத் தேய்த்து 'உ' என்ற ஒற்றை எழுத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். வெகு தூரம் கிழக்கே பாலைவனத்தில் வாழ்ந்த தோகாரியர்கள் 'யோக்' என்றார்கள். இது வரைக்கும் வழி நேராக இருந்தது.

சிக்கல் மேற்கே இருந்தது. லத்தீன் மொழியில் குடிவெறியில் கிடப்பவனுக்கு 'ஈப்ரியுஸ்' என்று ஒரு சொல். கிரேக்கத்தில் 'நேஃபோ' என்று ஒரு சொல். நான் குடிக்காமல் தெளிவாக இருக்கிறேன் என்று பொருள். இரண்டும் இதே வேரிலிருந்து வந்தவை என்று பலர் சொல்கிறார்கள். சந்தேகப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். சின்னவள் இரண்டு பக்கத்தையும் படித்தாள். படிக்கப் படிக்க இரண்டு பக்கமும் நியாயமாகவே பட்டது. அந்த இரண்டு அட்டைகளையும் கூட்டுக்குள் வைப்பாள், எடுப்பாள், மறுபடி வைப்பாள்.

அவள் எழுதிக் கொடுத்த கட்டுரையை நட்சத்திரம் சார் திருப்பித் தந்தபோது, அதில் சிவப்பு மையில் ஒரே ஓர் எண் இருந்தது: நாற்பத்தொன்று. மதிப்பெண் என்று நினைத்து அவள் முகம் வாடியது. மதிப்பெண் இல்லையாம், 'இருக்கலாம்' என்ற சொல்லை அவள் எழுதிய தடவைகளாம்.

"உழைப்பெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு," என்றார் சார். "ஆனா நீ எதையுமே சொல்ல மாட்டேங்கற. கடைசி வகுப்புல எல்லார் முன்னாடியும் நின்னு, மேற்கே இருக்கற அந்த ரெண்டு சொல்லும் இந்த வேரா இல்லையான்னு ஒரு முடிவு சொல்லணும். 'இருக்கலாம்'னு வாயில வந்துச்சுன்னா, அடுத்த வருஷமும் இதே பெஞ்சுதான்."

கடைசி வகுப்புக்கு ஐந்து நாள் இருக்கும்போது அடுத்த இடி விழுந்தது.

சின்னவள் அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தாள். அக்காவின் கணவர், அதாவது அத்தான், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியர். குடித்துவிட்டு வண்டி ஓட்டக்கூடாது என்ற பாடத்தை அவர் எடுத்தால், பச்சைத் தண்ணீர் குடித்தவன்கூடக் குற்ற உணர்ச்சியோடுதான் எழுந்து போவான். அவருடைய பாடக்குறிப்பு நோட்டும் சின்னவளின் நாட்குறிப்பும் ஒரே சாம்பல் அட்டை, ஒரே நீளம். காலை அவசரத்தில் அவர் எடுத்துப்போனது எந்த நோட்டு என்று சொல்லத் தேவையில்லை. பன்னிரண்டு பேர் முன்னால், அன்றைய பாடம் எங்கே என்று புரட்டி, கணீரென்று வாசித்தும்விட்டார்:

"செவ்வாய். ஹிட்டைட் குடி. மிகப் பழையது, அருமை. அரசர் இன்று இடிக்கடவுளையே குடித்துவிட்டார். வியாழன். லூவியக் குடி. கடைசியில் 'உ' என்ற சத்தம் மட்டுமே மிஞ்சியது. ஞாயிறு. தோகாரியக் குடி. வெகு தூரம் போய்விட்டேன், தலை சுற்றுகிறது. மூலக் குடி, ஒரு நட்சத்திரம்."

பன்னிரண்டு பேரும் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் அத்தானைப் பாதித்தது.

சாயங்காலம் அவர் நோட்டை மேசை மேல் வைத்து, அக்காவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார். தன்னை ஏமாற்ற முடியாது என்றும், எத்தனையோ பேரைப் பார்த்தவன் என்றும் முன்னுரை சொல்லிவிட்டு, "மறைக்காம சொல்லும்மா. எத்தனை நாளா இந்தக் குடி?" என்று கேட்டார்.

சின்னவள் யோசித்தாள். "எந்தக் குடி அத்தான்? ஹிட்டைட்டா, லூவியனா?"

அத்தான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "பாரு, வகைவகையா வேற. எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. அதுலயும் ஒரு நட்சத்திரம். மட்டத்துலயும் மட்டம்."

"ஒரு நட்சத்திரம்னா மட்டம்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள் அக்கா.

அத்தானுக்கு இருமல் வந்துவிட்டது.

சின்னவள் விளக்கத்தான் பார்த்தாள். 'குடி' என்பது சீட்டில் வந்த சொல், அரசர் கடவுளைக் குடித்தார் என்பது பலகையில் அப்படியே எழுதியிருப்பது, அதற்கு என்ன அர்த்தம் என்று அறிஞர்களுக்கே தகராறு. ஆனால் அவள் விளக்கம் அவள் விளக்கம் மாதிரியே இருந்தது. நான் குடிக்கவில்லை என்று ஒரு வரியில் முடிக்காமல், கிடைத்திருக்கும் சான்றுகளை வைத்துப் பார்த்தால் அத்தானுக்கு அப்படித் தோன்ற இடம் இருக்கலாம் என்று ஆரம்பித்தாள். அத்தான் வகுப்பு வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னார். யோக் யோக் என்று இவள் முணுமுணுத்ததை யோகா என்றே இதுவரை தான் நினைத்திருந்ததாக அக்கா வருத்தப்பட்டாள். கடைசியில் அக்காதான் நடுவில் விழுந்து, கடைசி வகுப்பன்று நாமே நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்றாள்.

வியாழக்கிழமை அத்தான் சும்மா வரவில்லை. ஊதிப் பார்க்கும் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். மூன்றாவது மாடி வாசலில் நின்று, உள்ளே நுழைந்த ஒவ்வொருவரையும் ஊதவைத்தார். தபால்காரர் ஏதோ நுழைவுச் சடங்கு என்று நினைத்து இரண்டு முறை ஊதினார். எல்லாருக்கும் பச்சை விளக்கு, சின்னவளுக்கும் பச்சை. அத்தானின் முகத்தில் நிம்மதி பரவுகிற நேரத்தில், படியேறி மூச்சு வாங்க வந்த நட்சத்திரம் சார் ஊதினார். கருவி சிவந்து, வீல் என்று அலறியது.

"இருமல் மருந்து," என்றார் சார்.

"எல்லாரும் அதைத்தான் சார் சொல்லுவாங்க," என்றார் அத்தான்.

கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதவேண்டும், அதுவரை அவர் எந்தப் பொறுப்பிலும் இருக்கக்கூடாது என்பது விதியாம். எந்த விதி என்று யாரும் கேட்கவில்லை. அத்தானின் குரல் அப்படி. முப்பது வருடம் பாடம் நடத்திய மனிதர், கையில் ஒரு தம்ளர் தண்ணீரோடு மூலைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். வகுப்பு நின்றுவிடக்கூடாதே என்று அத்தான் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

சின்னவள் கண்ணாடிக்கூட்டைத் திறந்தாள். எகு, அஹு, உ, யோக் என்று ஒவ்வோர் அட்டையாகக் காட்டினாள். அரசர் கடவுளைக் குடித்த இடத்தில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மேற்கத்திய அட்டைகள் இரண்டும் வந்தன. சின்னவளின் குரல் இறங்கிப்போயிற்று.

"இது, இந்த வேரா இருக்க..." என்று இழுத்தாள். மூலையில் சார் தம்ளரைக் கீழே வைத்தார்.

"நிறுத்து," என்றார் அத்தான். "சிக்னல்ல சிவப்பா இருக்கலாம், பச்சையா இருக்கலாம்னு ஒருத்தன் வண்டி ஓட்டுவானா? இந்த வேரா, இல்லையா?"

அவர் கேட்ட தோரணை சின்னவளுக்கு எங்கேயோ கேட்டதாக இருந்தது. ஒரு நாளைக்கு இருநூறு தடவை அவளே கேட்பது. அவள் கிரேக்க அட்டையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். வேரை எடுத்துவிட்டுப் பார்த்தாள்: நேஃபோ, எங்கிருந்தோ வந்த அநாதைச் சொல், மங்கல். வேரைப் போட்டுப் பார்த்தாள்: முன்னால் 'இல்லை' என்பதற்கான 'ந', பின்னால் பழைய குடி. குடி-இல்லை. குடிக்கிற சொல்லை அந்த ஊர்க்காரர்கள் தொலைத்துவிட்டு, குடிக்காத சொல்லை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். லத்தீன் அட்டையும் அதே வில்லையில் கூர்மையானது. இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?

"இது," என்றாள் சின்னவள். "ரெண்டும் இதே வேர்தான்."

"நான் ஒத்துக்கல," என்றார் சார் மூலையிலிருந்து.

தபால்காரர் திரும்பிப் பார்த்தார். ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் சின்னவள், சார் சொல்வதும் சரியாக இருக்கலாம் என்று அட்டையைச் சுருட்டிக்கொண்டு போயிருப்பாள்.

"நீங்க ஒத்துக்காட்டியும் இதே வேர்தான் சார்."

சார் எழுந்து நின்றார். "அந்தக் கிரேக்கச் சொல்லுல எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கும்மா. அதுக்கு நாம ரெண்டு பேரும் அடுத்த வருஷம் சண்டை போடலாம். ஆனா சொல்லிட்ட. பாஸ்."

"அவரு இன்னும் ஊதல," என்று நினைவூட்டினார் அத்தான். சார் ஊதினார். பச்சை. அப்புறம்தான் தேர்ச்சி செல்லுபடியானது.

வீடு திரும்பும் வழியெல்லாம் அத்தான் கிரேக்கர்களைப் புகழ்ந்துகொண்டே வந்தார். அவர்கள்தான் நம்ம ஆளுகளாம். நாளைக்கே பாடத்தில் சொல்லப்போகிறாராம். பிறகு அவருக்கே ஒன்று தோன்றியது. நாம் குடிக்கிறோமே அந்தக் குடியும், குடியிருக்கிறோமே அந்தக் குடியும் ஒரே வேரா என்று கேட்டார்.

"வேற வேற அத்தான்," என்றாள் சின்னவள், யோசிக்காமல்.

அக்கா நடப்பதை நிறுத்தி அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, கிளம்பும்போது இரண்டாம் ஆண்டுக்குச் சீட்டுக் குலுக்கினார்களே, உனக்கு என்ன வந்தது என்று கேட்டாள்.

சின்னவள் சீட்டைப் பிரித்துக் காட்டினாள். தெருவிளக்கின் கீழ் மூன்று பேரும் அதைப் படித்தார்கள். 'கொல்'.

அத்தான் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

"நோட்டு அட்டையில இப்பவே எழுதும்மா. இது மொழி வகுப்புக் குறிப்புன்னு. பெருசா எழுது," என்றவர், அவள் எழுத ஆரம்பித்ததும் எட்டிப் பார்த்து, "நட்சத்திரம் போடாத," என்றார்.