நோ ஹார்ட் ஃபீலிங்ஸ் என்றார் சரிசரி

எங்கள் தையல் கூடத்து மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் சரிசரி. எதைச் சொல்ல வாயெடுத்தாலும் பாதியிலேயே "சரி சரி" என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அவரிடம் ஒரு இங்கிலீஷ் வாக்கியமும் உண்டு. ஜன்னலோர மெஷினில் இருந்தவளை இருட்டு மூலைக்கு மாற்றினால், "நோ ஹார்ட் ஃபீலிங்ஸ்." அரை நாள் லீவு கேட்டவளுக்கு இல்லை என்று கையை விரித்தாலும் அதே. மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே என்று அர்த்தமாம். சொன்ன கையோடு அவர் மனசு சுத்தமாகிவிடும். நம் மனசு எக்கேடு கெட்டால் அவருக்கென்ன?

நான் அங்கே துணி வெட்டுகிறவள். கட்டிங் அக்கா என்பார்கள். ஒரு நாடக அரங்கத்துக்கு வெல்வெட் திரைகள் வெட்டிக்கொண்டிருந்தோம். வெல்வெட்டில் முடி ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். அதனால் எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வைத்துத்தான் வெட்ட வேண்டும். சிலதைத் தலைகீழாக வைத்தால் துணி மிச்சமாகும். ஆனால் தொங்கவிட்டால் ஒன்று கறுத்தும் ஒன்று வெளுத்தும் தெரியும். பாதி வெட்டியிருந்தபோது பல்வலி உயிரை எடுத்தது, மதியமே டாக்டரிடம் ஓடினேன். மறுநாள் வந்து பார்த்தால், மீதியைச் சரிசரியே வெட்டி, தைக்கக் கொடுத்து, மூட்டை கட்டி அனுப்பியிருந்தார்.

திரைகள் அடுத்த வாரமே இரண்டு நிறமாகத் திரும்பி வந்தன. முதலாளியம்மா எல்லோர் முன்னாலும் யார் வேலை இது என்று கேட்டார். "கட்டிங் அக்கா வேலை" என்றார் சரிசரி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அன்று மதியம் நான் இல்லவே இல்லை என்றேன். மேசை உன் பொறுப்புதானே என்று முதலாளியம்மா பேச்சை முடித்துவிட்டார். மெஷினில் இருந்தவர்கள் எல்லோரும் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் பிழைக்க வேண்டுமே. ஆனாலும் எனக்குக் கோபம்தான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று என்னைப் பட்டன் தைக்க உட்கார வைத்தார்கள்.

பிறகு அதே அரங்கத்துக்குப் புது வெல்வெட் வந்து இறங்கியது. சரிசரி அந்தக் கட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாரே தவிர, கத்தரிக்கோலைத் தொடவில்லை. கடைசியில் என்னிடம் வந்து குனிந்து, ரகசியம் மாதிரி சொன்னார்.

"நாளைலேருந்து கட்டிங் மேசைக்கு வந்துடுங்க. அம்மாகிட்ட பேசிட்டேன். நோ ஹார்ட் ஃபீலிங்ஸ், என்ன?"

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். சரி சரி என்று போய்விட்டார்.

பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று சாயங்காலம், புதிதாகச் சேர்ந்த பெண் பக்கத்திலிருந்தவளிடம், திரையைக் கெடுத்தது இந்த அக்காவா என்று கேட்டது என் காதில் விழுந்தது. மேசைக்குத் திரும்பினாலும் மன்னிக்கப்பட்ட குற்றவாளியாகத்தான் திரும்புவேன் என்று அப்போதுதான் உறைத்தது.

என் நாத்தனார் ஓட்டல் வரவேற்பில் இருப்பவள். நாள் முழுக்க இங்கிலீஷில்தான் பேச்சு. வெங்காயம் நறுக்கிக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். வெங்காயத்தை இந்தக் கொத்து கொத்துகிறீர்களே, அது யார் தலை என்று கேட்டுவிட்டு அந்த இங்கிலீஷ் வாக்கியத்தை விளக்கினாள். பந்தயத்தில் ஜெயித்தவனும் தோற்றவனும் கைகுலுக்கும்போது சொல்வதாம். சண்டை போட்ட சிநேகிதர்களும் சொல்லிக்கொள்வார்களாம்.

"அடிபட்டவங்க சொன்னா அது பெருந்தன்மை அண்ணி. அடிச்சவரே சொன்னா அது வெறும் கேள்விதான். பதில் உங்ககிட்ட இருக்கு."

"மனசுல இருக்குன்னு பதில் சொல்லலாமா?"

"தாராளமா. யாரும் சொல்றதில்ல, அவ்வளவுதான்."

வேலையே போனாலும் போகட்டும், சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

காலையில் மெஷின்கள் ஓடத் தொடங்குமுன், முதலாளியம்மா உள்ளே வந்ததும் எழுந்து நின்றேன். சரிசரி பக்கம் திரும்பினேன்.

"சார், நேத்து நீங்க கேட்டதுக்குப் பதில். எனக்கு மனசுல இருக்கு."

"சரி ச..."

"சரி இல்ல சார், முழுசா கேளுங்க. என் தப்புன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. யார் வெட்டினாங்கன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அதுவரைக்கும் பட்டனே தைக்கிறேன்."

முதலாளியம்மா என்னையும் பார்த்தார், பிரிக்காமல் கிடந்த வெல்வெட்டையும் பார்த்தார். பிறகு சரிசரி பக்கம் திரும்பி, அன்றைக்கு வெட்டியது யார் என்று கேட்டார். அவர் நெற்றியைத் துடைத்தார், சட்டைப் பையைத் தடவினார். தலையாட்டித் தப்பிக்க முடியாத கேள்வி அது.

"நான்தான்மா," என்றார். "அக்கா அன்னிக்கு இல்ல."

புதுப்பெண் தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கட்டிங் மேசைக்கு நடந்தேன். சரிசரி பக்கத்திலேயே வந்து, இப்பவாவது நோ ஹார்ட்... என்று இழுத்தார்.

"கொஞ்சம் குறைஞ்சிருக்கு சார்," என்றேன். "மிச்சம் போக நாளாகும். அந்தப் பக்கம் பிடிங்க, துணியைப் பிரிக்கணும்."