ஓடுகிற மோட்டாரை நிறுத்துவது

1

இந்தக் கதையை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. என் அண்ணனின் இதயத்தில் ஒரு வால்வு ஒழுகுகிறது. மாற்றாவிட்டால் ஆறு மாதம்கூடத் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் மாட்டேன் என்கிறார். அண்ணி அழுதும் நான் கத்தியும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

"நீ எழுதுனதை மட்டும் ஒரு வரி விடாமப் படிப்பாரு. இதையும் எழுதிக் குடேன்" என்றார் அண்ணி.

வியாழக்கிழமைக்குள் ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து வேண்டும். இன்று திங்கள்.

2

முதல் தொடக்கம்: "இதயம் என்பது அன்பின்

வேண்டாம். அண்ணன் குடிநீர் பம்ப் ஹவுஸில் முப்பது வருட மெக்கானிக். அன்பு என்று ஆரம்பித்தால் தாளைச் சுருட்டிக் காது குடைவார்.

இரண்டாம் தொடக்கம்: "இதயத்துக்கு நான்கு அறைகள். உடம்பெல்லாம் சுற்றிக் களைத்து வரும் ரத்தத்தை வலது பக்கம் வாங்கி நுரையீரலுக்கு அனுப்பும். அங்கே பிராணவாயு ஏற்றிக்கொண்டு வருவதை இடது பக்கம் வாங்கி, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தள்ளும். தள்ளியது திரும்பி வராமலிருக்க வழியில் நான்கு வால்வுகள். இப்படி ஒரு நாளைக்கு லட்சம் தடவை."*

(தப்பில்லை. ஆனால் இது பாடப்புத்தகம். கதை எங்கே?)

* ஆபரேஷன் நேரத்தில் இதயத்தை நிறுத்திவிட்டு, வெளியே ஓர் இயந்திரத்தை வைத்து ரத்தத்தைச் சுற்றவிடுவார்கள். கதையின் ஓட்டத்தைக் கெடுப்பதால் இதை அடியில் தள்ளிவிட்டேன்.

3

இந்த அண்ணன் பாத்திரம் எனக்குப் பிடிபடவே மாட்டேன் என்கிறது. ஊரில் எந்தக் குழாய் ஒழுகினாலும் சாப்பாட்டில் கை வைத்தவர் எழுந்து ஓடுவார். இப்போது மாடிப்படியில் மூன்றாவது படியிலேயே உட்கார்ந்து செருப்பைச் சரிசெய்கிறார். செருப்புக்கு என்ன கேடு என்று கேட்டால் முறைக்கிறார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்னத்தை எழுதுவது?

நேரிலேயே கேட்டேன்.

"வால்வு போனா மாத்தணும்னு உனக்குத் தெரியாதாண்ணே?"

"மாத்தணும்னா மோட்டாரை நிறுத்தணும்ல?"

"ஆமா."

"பழைய மோட்டாரு ஓடுற வரைக்கும் ஓடும். நிறுத்துனா அப்படியே இறுகிப்போயிரும், திரும்பக் கிளம்பாது. எத்தனை பாத்திருக்கேன்! போ, போய் வேலையப் பாரு."

வீம்பு என்றுதான் ஒரு மாதமாக இவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பயம். என் அண்ணனுக்குப் பயம்!

4

முடிவு அ: கையெழுத்துப் போடுகிறார், பிழைத்து வருகிறார். (இவ்வளவு சுலபமா என்று கேட்பார்.)

முடிவு ஆ: போடவில்லை. ஆறு மாதம் கழித்து அண்ணி

(இதை முடிக்க என்னால் ஆகாது. நீங்களும் முடிக்க வேண்டாம்.)

5

வேறு வழியில்லாமல், புதன்கிழமை இதுவரை எழுதியதை அப்படியே கொடுத்தேன். வியாழன் காலை அண்ணன் தாளோடு வந்தார். அடிக்குறிப்பின் கீழே பென்சிலால் மூன்று கோடு.

"ஏ கதைக்காரி, ஸ்டாண்ட்பை இருக்கா?"

"என்னது?"

"மெயினை நிறுத்துறப்ப வேற ஒண்ணு ஓடும்னு அடியில எறும்பு சைஸுல எழுதியிருக்க. அதையில்ல தலைப்புல போட்டிருக்கணும்! ஒரு மாசமா என் உசுரை வாங்குனீங்களே, ஒருத்தருக்காவது இதைச் சொல்லத் தோணுச்சா?"

(டாக்டர் முதல் நாளே சொன்னார். 'நிறுத்துவோம்' என்ற சொல்லுக்குப் பிறகு இவர் காதில் எதுவும் ஏறவில்லை. இதை இப்போது சொன்னால் சண்டை வரும்.)

"சரி, அது ஓடட்டும். பழசு திரும்பக் கிளம்பலேன்னா?"

"பெரும்பாலும் கிளம்பிடும்ணே."

"பெரும்பாலுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "ஆமாண்ணே, பெரும்பாலும்தான்" என்றேன். அண்ணன் என் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"கதைய நீயா முடிச்சுத் தொலைச்சிராத. தப்புத்தப்பா எழுதுவ. நான் வந்து பாத்துக்கறேன்."

6

இன்று சனிக்கிழமை. ஒன்பதே முக்காலுக்கு நிறுத்திவிட்டார்கள். ஸ்டாண்ட்பை ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணி ஆபரேஷன் தியேட்டர் கதவையே பார்க்கிறார். நான் தாளைப் பார்க்கிறேன்.

நீங்கள் என்ன சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள்? மணிக்கட்டில் இரண்டு விரலை வையுங்கள். துடிக்கிறதா? அப்படியே எங்களோடு காத்திருங்கள்.

மேற்கொண்டு ஒரு வாக்கியம் தொடங்கியிருக்கிறேன். அதற்குமேல் நான் தொட்டால் அண்ணன் வந்து திட்டுவார். வரட்டும். வந்து, வாய் வலிக்கத் திட்டட்டும்.

"பழைய மோட்டார்