எட்டாம் வகுப்புக்கு ஒரு நாற்காலி

நின்னா என் நெஞ்சு ஓட ஆரம்பிச்சிடும். படுத்தா நல்ல பிள்ளையா அடங்கிடும். ஆஸ்பத்திரியில ஈசிஜியைப் படுக்க வச்சுத்தானே எடுக்கறாங்க? அதனால என் ஈசிஜி எல்லாமே நார்மல். என்ன கண்றாவி பாருங்க!

என் பேர் மெஹ்னாஸ். சேலையூர்ல ஒரு ஸ்கூல்ல எட்டாம் வகுப்புக்குக் கணக்கு மிஸ். எங்க ஸ்கூல்ல வகுப்புக்குள்ள மிஸ்ஸுக்கு நாற்காலி கிடையாது. உக்காந்தா பாடம் நடத்தமாட்டோமாம். அதைக் கண்காணிக்க கேமரா வேற.

தாம்பரத்துல ஒரு டாக்டரம்மாதான் கடைசியில என்னை நிக்க வச்சுப் பாத்தாங்க. உடம்பைக் கட்டி நிறுத்தற இணைப்புத் திசு எனக்குப் பிறவியிலேயே தொளதொளன்னு இருக்காம். சின்ன வயசுல கட்டைவிரலை வளைச்சு மணிக்கட்டைத் தொட்டுக் காட்டிக் கைத்தட்டல் வாங்குவேன். அதுவும் இதே கோளாறுதானாம். நின்னா ரத்தம் காலுக்கு இறங்கிடுது, அதை மேல ஏத்த இதயம் தலைதெறிக்க ஓடுது. உக்காந்துதான் வேலை பாக்கணும்னு எழுதிக் கொடுத்தாங்க.

அந்தச் சீட்டோட கரஸ்பாண்டன்ட் தோத்தாத்ரி சார் ரூமுக்குப் போய்ப் போய் எனக்கே சலிச்சுப் போச்சு. மரியாதையான மனுஷன். போனதுமே "உக்காருங்க மிஸ்"ம்பார். நானும் மரியாதைக்கு உக்காந்துடுவேன். உக்காந்தா எனக்கென்ன, நல்லாத்தான் இருப்பேன். "பாக்க நல்லாத்தானே இருக்கீங்க? ஈசிஜியும் நார்மல். உங்களுக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்க"ன்னு அனுப்பிடுவார். நிக்க முடியலைங்கறதை உக்காந்துகிட்டே சொல்லிட்டு வர்ற மடச்சி நான்.

நேத்து போர்டைப் பிடிச்சுகிட்டு நிக்கறப்போ பிள்ளைங்க முகமெல்லாம் இருட்டிப் போச்சு. பயந்துட்டேன். இந்த வகுப்பை விட்டா எனக்கு என்ன இருக்கு? வீட்டுல முடங்கினா உயிரோடவே செத்துடுவேன். யா அல்லாஹ், ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதானே கேக்கறேன்!

இன்னிக்கு அவர் "உக்காருங்க"ன்னதும், "வேணாம் சார், நிக்கறேன்"னேன். கொரோனாவுக்கு வாங்கின ஆக்சிமீட்டரை விரல்ல மாட்டி அவர் மேசை மேல கையை நீட்டினேன். நாடி தொண்ணூறு. கொஞ்ச நேரத்துல நூத்திப் பத்து. அப்புறம் நூத்தி நாப்பது. அவருக்கு வேர்த்துடுச்சு.

"போதும் மிஸ், உக்காருங்க ப்ளீஸ்!"

"வகுப்புல நாற்காலி போடறேன்னு சொல்லுங்க, உக்காரறேன்."

அவர் வாய் அசைஞ்சுது. எனக்குக் காது அடைச்சுப் போச்சு.

கண்ணைத் தொறந்தா தரையில கிடக்கேன். தோள் மூட்டு நழுவி, கை ஒரு பக்கமாத் தொங்குது. ஆயா அமலராணி அக்கா என் தலையை மடியில வச்சுகிட்டு அழுதுகிட்டிருந்தாங்க.

"இப்பவாவது நம்பறீங்களா சார்?"ன்னேன்.

"நம்பறேன்மா." அவர் கர்சீப்பால நெத்தியைத் துடைச்சுகிட்டார். "பிள்ளைங்க முன்னாடி இப்படி விழுந்திருந்தா என்ன ஆவறது? நீங்க வீட்டுல ரெஸ்ட் எடுங்க. இனிமே வரவேணாம்."

"நாற்காலி போட்டா விழமாட்டேன் சார்! சத்தியமா விழமாட்டேன்!" கத்தினேன். அவர் அதுக்குள்ள ஆட்டோவுக்கு ஆள் அனுப்பிட்டார்.

அவர் மேசைக்கு எதிர்ல கிடந்த அதே நாற்காலியில என்னை உக்கார வச்சு, அமலராணி அக்காவும் வாட்ச்மேனும் தூக்கினாங்க. எட்டாம் வகுப்பைத் தாண்டித்தான் கேட்டுக்குப் போகணும். வாசல்ல என்னைப் பாத்ததும் மொத்த வகுப்பும் எழுந்து நின்னு, "குட் மார்னிங் மிஸ்"ன்னு சொல்லுச்சு.

நான் நாற்காலியில இருந்தபடியே, "உக்காருங்க"ன்னேன்.